லட்சத்தில் மூன்று பங்கு இரும்பு

1962 பிப்ரவரியில் பெங்களூர்ச் சுவர்களில் எல்லாம் தேர்தல் சின்னங்கள் ஏறியிருந்தன. அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு பழைய பங்களாவில் இயங்கிய உலோக ஆய்வுக்கூடத்திலும் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. அவற்றுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை. ஸ்ரீகண்டன் அளந்தால் வெளிச்சப் புள்ளி இடது பக்கம் போயிற்று. ஜோசஃபின் அளந்தால் வலது பக்கம் போயிற்று. இருவரும் அளந்தது ஒரே செப்புக் கம்பியை.

ஓர் உலோகக் கம்பியின் ஒரு முனையைக் குளிரவைத்து மறுமுனையைச் சற்றே சூடாக்கினால், இரண்டு முனைகளுக்கும் நடுவே கொஞ்சூண்டு மின்னழுத்தம் பிறக்கும். ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதைக் காட்டுகிற கருவிக்குள் பொட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி தொங்கும். மின்சாரம் வந்தால் கண்ணாடி திரும்பும். அதில் பட்ட வெளிச்சம் எதிரே உள்ள அளவுகோலில் நகரும். வலது பக்கம் போனால் ப்ளஸ், இடது பக்கம் போனால் மைனஸ். இங்கேயே உருக்கி இழுத்த செப்புக் கம்பிக்கு இந்த அளவு வேண்டும் என்று டெல்லியில் ஒரு கமிட்டி கேட்டிருந்தது. டைரக்டர் சுந்தரராமன், எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று, இரண்டு பேரைத் தனித்தனியாக அளக்கச் சொன்னார்.

ஸ்ரீகண்டனுக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்து ஆபீஸில் கோப்புகளுக்கு நூல் கட்டியவர். ஒரு நூல்கூடக் கோணலாகக் கட்டியதில்லை என்று வீட்டில் பேச்சு. பேரன் அதே வார்ப்பு. கம்பியைத் தொடுமுன் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பிறகு கையால் தொடவும் மாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். கம்பியின் உள்விறைப்பு நீங்க அதை உலையில் ஒரு நாள் சூடாக்க வேண்டும். காற்று பட்டால் செம்பு கறுத்துவிடும் என்பதால் உலைக்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிடுவார்கள். ஸ்ரீகண்டனின் உலைக்குள் ஒரு மூச்சுக் காற்றுகூடப் போகாது. காலையில் வந்ததும் பம்பின் மேல் காதை வைத்துக் கேட்பார், டாக்டர் போல. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘மடி சார்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜோசஃபின் இருபத்து நாலு வயதுப் பெண். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தாள். காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வருவாள். பங்களாவின் பழைய சமையலறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இருந்த உலை மற்ற எல்லோரும் வேண்டாம் என்று தள்ளியது. வேலை செய்யும்போது மாதா கோவில் பாட்டு ஏதாவது முணுமுணுப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ரீகண்டன் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஸ்ரீகண்டனுடையதில் மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு இருந்தது. ஜோசஃபினுடையதில் ப்ளஸ் ஒன்று புள்ளி இரண்டு.

“ஒயரை மாத்திக் குடுத்துட்டேள்,” என்றார் ஸ்ரீகண்டன் கனிவாக. “புதுசா வரவாளுக்கு இது சகஜம். சிவப்பு, கறுப்பு. ஒரு தரம் பாருங்கோ.”

“பாத்துட்டேன் சார். சிவப்பு சிவப்புலதான் இருக்கு.”

“இன்னொரு தரம் பாருங்கோ.”

“நாலு தரம் பாத்தேன் சார். உங்களுது ஒரு தரம் பாக்கட்டுமா?”

இதற்கு முன் யாரும் ஸ்ரீகண்டனிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு சிவப்பில்தான் இருந்தது.

மறுநாள் இடம் மாறி அளந்தார்கள். தம்முடைய கம்பியை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார், அவள் தன்னுடையதோடு அவர் அறைக்கு வந்தாள். சமையலறையிலும் அவர் கம்பி இடது பக்கம்தான் போயிற்று. அவர் அறையிலும் அவள் கம்பி வலது பக்கம்தான் போயிற்று. ஆக, கருவி நிரபராதி. கம்பியில்தான் ஏதோ இருக்கிறது. வேறு சுருளிலிருந்து வெட்டியிருப்பாள் என்று ஸ்ரீகண்டனுக்குத் தோன்றியது. வாயால் சொல்லவில்லை, புருவத்தால் சொன்னார். அதனால் டைரக்டர் முன்னிலையில் ஒரே சுருளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, உறைகளில் போட்டு, அரக்கு வைத்து, மூவரும் கையெழுத்திட்டார்கள். ஒரு நாள் சூடாக்கி, ஒரு நாள் ஆறவைத்து, திரவ நைட்ரஜனில் தோய்த்து அளந்தார்கள். இடது ஒன்று புள்ளி இரண்டு. வலது ஒன்று புள்ளி இரண்டு.

இதற்குள் ஆபீஸ் முழுக்க லெஃப்ட் பார்ட்டி, ரைட் பார்ட்டி என்று பிரிந்திருந்தது. டைப்பிஸ்ட் டோரீன் ரைட். ஸ்டோர் கீப்பர் லெஃப்ட். பட்டறை மெக்கானிக் சில்வெஸ்டர் மட்டும் நடுவில் நின்றார். நீலசந்திராவிலிருந்து தினமும் நடந்தே வருகிற, ஐம்பது வயதுக்காரர். கம்பியை உருக்கியது, வார்த்தது, இழுத்தது எல்லாம் அவர்தான். “ரெண்டு பேரும் நம்ம கம்பியத்தானே அளக்குறாங்க? யார் ஜெயிச்சாலும் நமக்கு குஷிதான்,” என்றார்.

ஜோசஃபின் ஒரு தடித்த ஜெர்மன் அட்டவணைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து டைரக்டரின் மேஜையில் வைத்தாள். “சார், சுத்தமான செம்புக்கு இதுல ப்ளஸ்தான் போட்டிருக்கு. ஏறக்குறைய என் நம்பரேதான்.”

“புஸ்தகத்தைப் பாத்து எழுதறதுக்கு லாப் எதுக்கு?” என்றார் ஸ்ரீகண்டன். “அது அவன் செம்பு. இது நம்ம செம்பு.”

சுந்தரராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை என்றாலே ஆகாத மனிதர். காகிதத்தில் ஏதோ கூட்டி இரண்டால் வகுத்தார். முகம் மலர்ந்தது.

“ஆவரேஜ் எடுத்துட்டா என்ன?”

“ஆவரேஜ் எடுத்தா ஜீரோ வரும் சார்,” என்றாள் ஜோசஃபின்.

“வரட்டுமே. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்.”

“செம்புக்கு அந்தக் குணமே இல்லைன்னு டெல்லிக்கு எழுதணுமா சார்?” என்று கேட்டார் ஸ்ரீகண்டன். அந்த மாதத்தில் அதுவரை இருவரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

வெள்ளிக்கிழமை ஜோசஃபினின் பம்பு ஒரு மாதிரி இருமியது. சில்வெஸ்டர் வந்து பார்த்தார். பீடி ஒன்றைப் பற்றவைத்து உலையின் மூடிப் பக்கமாக மெதுவாகக் கொண்டுபோனார். புகை நேராக மேலே போகாமல் திரும்பி, மூடிக்கும் குழாய்க்கும் நடுவே ஓர் இடத்தில் நூலாக உள்ளே இறங்கியது.

“மேடம், இங்க பாருங்க. ஓட்டை.”

“எவ்ளோ நாளா?”

“கொத்தில்ல மேடம்,” என்று கன்னடத்தில் கைவிரித்தார். “இந்த உலை வந்த நாள்லேருந்தே இருக்கும்.”

பிற்பகலுக்குள் செய்தி டைரக்டர் அறை வரை போய்விட்டது. சுந்தரராமனுக்கு நிம்மதி. ஒரு பக்கம் காற்று நுழையாத உலை, இன்னொரு பக்கம் ஓட்டை உலை. இனி யோசிக்க என்ன இருக்கிறது? லெஃப்ட் பார்ட்டிக்கு ஸ்டோர் கீப்பர் டீ வாங்கிக் கொடுத்தார். டைரக்டர் ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டு, மைனஸ் கணக்கையே ரிப்போர்ட்டில் ஏற்றிவிடலாம் என்றார். கூடவே குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணோட ஆறு மாசம் இந்த மாசக் கடைசியோட முடியறது. வேலையை நீட்டிக்கலாமா வேண்டாமான்னு நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்கோ. திங்கட்கிழமை போதும்,” என்றார்.

ஓட்டை உலையில் ஆறு மாதம் வேலை செய்தும் கவனிக்காதவர் என்று எழுதினால் போதும். அது உண்மையும்கூட. ஸ்ரீகண்டன் காகிதத்தோடு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டில் அவர் இரண்டாம் தரம் சாதம் கேட்கவில்லை. மனைவி பாமா கரண்டியோடு நின்றாள்.

“ஜெயிச்சாச்சுன்னு சொன்னேளே. ஜெயிச்சவா மூஞ்சி இப்படியா இருக்கும்?”

“ஒண்ணுமில்லை.”

“ரசத்துல உப்பு ஜாஸ்தியா?”

“உப்பு ஒரு நாளைக்கு ஜாஸ்தியாகும், ஒரு நாளைக்குக் கம்மியாகும், இல்லையா?”

“ஆமா. கை தவறினா அப்படித்தான். அதுக்கென்ன இப்போ?”

“அதான் பாமா. அந்தப் பொண்ணு அஞ்சு தரம் அளந்திருக்கா. அஞ்சு தரமும் ஒண்ணு புள்ளி ரெண்டு. மயிரிழை மாறலை. ஓட்டை உலையிலே கை தவறி வந்த நம்பர்னா, ஒரு நாள் ரெண்டு, ஒரு நாள் அரைன்னு கண்டபடின்னா வரணும்? தப்பு இவ்வளவு ஒழுங்கா இருக்காது.”

“அப்போ அவ சரியா?”

“அப்போ நான் தப்பா?” என்றார் ஸ்ரீகண்டன் பரிதாபமாக.

பாமா அவர் இலையில் ஒரு கரண்டி சாதம் போட்டாள். “முதல்ல சாப்பிடுங்கோ. தப்பா சரியான்னு நாளைக்குப் போய்ப் பாருங்கோ.”

குறிப்பு எழுத வேண்டிய காகிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஜோசஃபின் தன் புத்தகங்களையும் டீக் கோப்பையையும் எடுத்துப்போக ஒரு பை கொண்டு வந்திருந்தாள். வெள்ளி இரவே வீட்டில் சொல்லியாயிற்று. அப்பா ஆம்ப்ரோஸ், “பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கு ஃபாதர்கிட்ட சொல்றேன்,” என்றிருந்தார். அவள் சமையலறைக் கதவைத் திறந்தபோது ஸ்ரீகண்டன் உள்ளே அவளுடைய உலையின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“மிஸ் ஜோசஃபின், உங்க ஓட்டை எவ்வளவு பெரிசு?”

அவள் முகம் சிவந்தது. “சார், நான்தான் போகப் போறேனே. கிண்டல் பண்ணணுமா?”

“கிண்டல் இல்லை. அளவு வேணும். எனக்கும் அதே மாதிரி ஒரு ஓட்டை வேணும்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை யோசித்ததையெல்லாம் சொன்னார். இரண்டு கம்பிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: ஒன்று காற்றில்லாமல் சூடானது, இன்னொன்று கொஞ்சம் காற்றோடு. அப்படியானால் தம் உலையில் கொஞ்சம் காற்றை விட்டால் புள்ளி வலது பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் அவள் தப்பு. போனால்...

“போனா?” என்றாள் ஜோசஃபின்.

“போகட்டும், அப்புறம் பாப்போம்.”

தம் அறைக்கு வந்து வழக்கம்போல மூன்று தரம் கை கழுவினார். சுருளில் மிச்சமிருந்த கம்பியில் ஒரு துண்டை உலைக்குள் வைத்தார். பம்பை ஓட்டினார். இனி பக்கத்துக் குழாயில் இருக்கும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். அந்தத் திருகை அவர் எட்டு வருஷமாக இறுக்கி மட்டுமே பழகியவர். கையை வைத்தார். எடுத்தார். வேட்டி முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்னால முடியலை. நீங்க திருகுங்கோ,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜோசஃபின் திருகினாள். உஸ் என்று மெல்லிய சத்தம் வந்தது. ஸ்ரீகண்டனின் தோள்கள் ஒரு தரம் குலுங்கின.

புதன்கிழமை அளந்தார்கள். சேதி பரவி வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கம்பியின் முனை நைட்ரஜனில் இறங்கியது. புகைபோல வெள்ளை ஆவி மேஜையில் வழிந்தது. வெளிச்சப் புள்ளி நடுவில் கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு சாவகாசமாக வலது பக்கம் நடந்து ஒன்று புள்ளி ஒன்றில் நின்றது. வாசலில் டோரீன் கை தட்டினாள்.

ஸ்ரீகண்டன் ஸ்டூலில் உட்கார்ந்தார். “எட்டு வருஷமா காத்து உள்ளே போகாம பாத்துண்டேனே,” என்றார் யாரிடமும் இல்லாமல்.

“சார், நீங்க தப்பு பண்ணல,” என்றாள் ஜோசஃபின். “செம்புக்குள்ள என்னவோ இருக்கு. உங்க உலை அத அப்படியே பத்திரமா வெச்சிருக்கு. என் உலை அத என்னவோ பண்ணிடுது.”

அந்த என்னவோ எது என்பதை அவளே கண்டுபிடித்தாள். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய சஞ்சிகைகளைப் புரட்டினாள். செம்பிலோ தங்கத்திலோ துளி இரும்பு கலந்திருந்தால் போதும், கடுங்குளிரில் அதன் மின்னழுத்தம் தலைகீழாகிவிடும் என்று ஒரு கட்டுரை சொன்னது. சனிக்கிழமை டைரக்டர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“துளி இரும்புக்கு இத்தனை சக்தியா?” என்றார் சுந்தரராமன். “எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா.”

ஜோசஃபின் யோசித்தாள். “சார், ஞாயித்துக்கிழமை எங்க கோவில்ல பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்க. வாசல்ல மூணு ஆன்ட்டிங்க தனித்தனியா நிப்பாங்க. எங்க பிரிஜெட் ஆன்ட்டி, நோரா ஆன்ட்டி, இன்னொருத்தங்க. யார் போனாலும் பிடிச்சு நிறுத்திக் கேள்வி கேப்பாங்க. வேகமா போறவங்களுக்கு ஒரு கேள்வி, மெதுவா போறவங்களுக்கு வேற கேள்வி. ஆயிரம் பேர் கூட்டம், அந்த மூணு பேரால எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் போகாது. அந்த ஆன்ட்டிங்கதான் சார் இரும்பு அணு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். ஓடுற எலெக்ட்ரான எல்லாம் சிதறடிக்கும். சூடான எலெக்ட்ரானையும் ஆறின எலெக்ட்ரானையும் ஒரே மாதிரி சிதறடிச்சா பரவால்ல. அதுல பாரபட்சம் காட்டுது. அதனாலதான் மைனஸ்.”

“சரி, உன் உலையிலே?”

“காத்து உள்ள போனதும் இரும்பு துருப் பிடிச்சுடுது சார், செம்புக்குள்ளயே. துருவெல்லாம் அங்கங்க பொடிப் பொடியா ஒண்ணு சேந்துக்கும். மூணு ஆன்ட்டியும் ஒரு மூலைக்குப் போய் அவங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டா வாசல் காலி. கூட்டம் அது பாட்டுக்குப் போகும்.”

சுந்தரராமன் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை, அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிர்ந்து, “சரி, இரும்பு எங்கேருந்து வந்தது? வாங்கின செம்பு படு சுத்தம். சீட்டு என்கிட்ட இருக்கு,” என்றார்.

சில்வெஸ்டரைக் கூப்பிட்டார்கள். செம்பை எப்படி உருக்கினார் என்று கேட்டார்கள்.

“மூசைல போட்டு, உருக்கி, நல்லா கலக்கி ஊத்துனேன் சார்.”

“எதால கலக்கினீர்?”

“கம்பியாலதான். இரும்புக் கம்பி. முதல்லயே தேச்சுக் கழுவி வெச்சது சார், துரு கிரு எதுவும் இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம்! சும்னே விடுவனா?” என்றார் சில்வெஸ்டர் பெருமையாக. மூவரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு பெருமை மெல்லக் குறைந்தது. “ஏன் சார், பத்தலியா?”

உருக்காமல் மிச்சமிருந்த செம்பை, இந்த முறை கரிக்கோலால் கலக்கி வார்க்கச் சொன்னார்கள். அந்தக் கம்பி இரண்டு உலைகளிலும் வலது பக்கமே போயிற்று, ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய கம்பியை வேறோர் இடத்தில் கொடுத்து ரசாயனப் பரிசோதனை செய்ததில் ஒரு லட்சம் பங்கு செம்புக்கு மூன்று பங்கு இரும்பு என்று வந்தது. தம்மை எட்டு வருஷ ஒழுங்கோடு கவிழ்த்தது இந்த மூன்று பங்குதானா என்று ஸ்ரீகண்டன் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே, கெடு தாண்டியும் எழுதாமல் சட்டைப் பையில் வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து ஜோசஃபினைப் பற்றிய குறிப்பை எழுதினார். ஒரே வாக்கியம்: “இவர் பெற்ற முடிவு சரி, நான் பெற்ற முடிவும் சரி, வித்தியாசம் ஏன் என்று கண்டுபிடித்தவர் இவர்.” காற்புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு டைரக்டரிடம் கொடுத்தார்.

டெல்லிக்கு இரண்டு கணக்கும் போயின. கூடவே ஒரு சஞ்சிகைக்குச் சிறு கட்டுரையும் எழுதினார்கள். அதில்தான் கடைசிச் சண்டை. ‘ஓட்டை’ என்ற சொல் ஆய்வுக்கூடத்தின் கௌரவத்துக்கு உகந்ததல்ல, ‘கட்டுப்படுத்தப்பட்ட காற்றுச் சூழல்’ என்று போடலாம் என்றார் சுந்தரராமன்.

“யாரும் கட்டுப்படுத்தலையே சார்,” என்றார் ஸ்ரீகண்டன். “அது பாட்டுக்கு இருந்தது. ஓட்டைன்னா ஓட்டைதான்.”

“உங்க பேரும் இருக்கே அதுல?”

“அதனாலதான் சொல்றேன்.”

ஓட்டை என்றே அச்சாயிற்று. ஏப்ரலில் ஜோசஃபினுக்கு வேலை நிரந்தரமானது. ஆம்ப்ரோஸ் ஃபாதரிடம் போய், டீச்சர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அச்சுக்கு அனுப்புமுன், கட்டுரையின் அடியில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலை எழுதும்போது சில்வெஸ்டரின் பெயரைப் போட வேண்டும் என்றாள் ஜோசஃபின். எதற்காக என்று எப்படி எழுதுவது என ஸ்ரீகண்டன் ஒரு முழு நாள் யோசித்து, கடைசியில் ‘மாதிரிகளைத் தயாரித்ததற்காக’ என்று எழுதினார். பொய்யில்லை.

சஞ்சிகை வந்த அன்று சில்வெஸ்டர் ஒரு பிரதியை வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி நீலசந்திராவுக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் முழுக்க அவர் தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் அந்தப் பக்கத்தைப் பிரித்துத் தம் பெயரைக் காட்டினார். நீ என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடம், “ரெண்டு பெரிய படிப்பாளிங்கள ஒரு மாசம் சுத்த வெச்சேன்,” என்றார்.